முதுகுக்குப் பின்னால் ஒரு கோபுரம்

"நாலு விரலையும் சேத்து வைங்க. அழுத்துங்க. எடுங்க. இப்ப அந்தக் கை."

இதை ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்கிறோம் என்று எண்ணிப் பார்ப்பதை அவள் எப்போதோ விட்டுவிட்டாள். விசா மையத்தில் கைரேகை எடுக்கிற கவுண்டர் அவளுடையது. முன்னால் ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டி. பச்சை விளக்கு எரிந்தால் ரேகை விழுந்துவிட்டது, சிவப்பு எரிந்தால் விழவில்லை. விழாவிட்டால் ஈரத் துணியால் விரலைத் துடைக்கச் சொல்லி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அது முடிந்ததும் வெள்ளைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்துப் படம் எடுக்க வேண்டும். எடுக்கும்போது "சிரிக்காதீங்க" என்று சொல்ல வேண்டும். வெளிநாடு போகப்போகிற சந்தோஷத்தில் வருகிறவர்களை நாள் முழுக்கச் சிரிக்காதே என்று அதட்டுவதற்கு ஒரு சம்பளம். இப்படியும் ஒரு பிழைப்பு உண்டு என்று முன்பே யாராவது சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்க மாட்டாள்.

அன்று சனிக்கிழமை. புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்து நின்றது. அந்தப் பெண் விரலை வைத்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தாள்.

"மேடம், ஈஃபிள் டவர பகல்ல பாத்தா நல்லாருக்குமா, ராத்திரிலயா?"

"ராத்திரி."

"நீங்க போயிருக்கீங்களா?"

"ம். அந்தக் கை வைங்க."

போயிருக்கிறாள். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை. பத்து வருஷத்துக்கு மேல் டூர் மேனேஜராக இருந்தவள். மடக்குக் குச்சி ஒன்றின் நுனியில் ஆரஞ்சுத் துணியைக் கட்டி, அதை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு முன்னால் நடப்பாள். அதனால் கொடி அக்கா என்று பெயர். அவளைவிட இருபது வயது மூத்த கிழவர்கள்கூட வெட்கமில்லாமல் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ரோமாபுரியின் கொலோசியம், பைசாவின் சாய்ந்த கோபுரம், லண்டனின் பெரிய கடிகாரம், பனிமலைக்கு ஏறுகிற ரயில் என்று எல்லா இடத்துக்கும் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறாள். காசு போட்டால் மறுபடியும் வரலாம் என்று ஒரு நீரூற்று உண்டு. கூட்டமே முண்டியடித்துக்கொண்டு காசு போடும். அவள் ஒரு தடவைகூடப் போட்டதில்லை. அடுத்த மாசம் எப்படியும் வரத்தானே போகிறோம் என்று நினைத்துவிட்டாள்.

போனாள் சரி, பார்த்தாளா என்று கேட்டால் பதில் கொஞ்சம் சிக்கல். கூட்டம் கோபுரத்தைப் பார்க்கும், அவள் கூட்டத்தைப் பார்ப்பாள். வேலை அப்படி. கொலோசியம் என்றால் அவளுக்கு ஞாபகம் வருவது எந்தப் பக்கம் நிழல் விழும், கழிப்பறைக்கு எத்தனை பேர் வரிசையில் நிற்பார்கள், மூட்டு வலிக்காரர்களை எந்தக் கல்லில் உட்கார வைக்கலாம் என்பதுதான். ஈஃபிள் கோபுரத்தில் இரவானால் விளக்குகள் மினுமினுவென்று மின்னும். அத்தனை பேரும் அண்ணாந்து வாயைப் பிளந்து நிற்பார்கள். பிக்பாக்கெட்காரர்களுக்கு அதுதான் அறுவடை நேரம். ஆகவே கொடி அக்கா கோபுரத்துக்கு முதுகைக் காட்டி நின்று கைப்பைகளைக் காவல் காப்பாள். அது மின்னுவதை அவள் மற்றவர்கள் முகத்தில்தான் பார்த்திருக்கிறாள். எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை ஏன் கூடக் காய்கிறது என்று அப்போது தன்னையே கிண்டல் செய்துகொள்வாள். இப்போது அந்த எலிப்புழுக்கை வேலைக்கே மனசு அடித்துக்கொள்கிறது.

உலகமே வீட்டுக்குள் அடைந்து கிடந்த காலத்தில் அந்தக் கம்பெனி மூடிக்கொண்டது. கொடி பரணுக்குப் போயிற்று. அவள் இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள்.

சாப்பாட்டு நேரத்தில் போன் அடித்தது. பழைய முதலாளி.

"என்ன கொடி அக்கா, சௌக்கியமா?"

"இருக்கேன் சார்."

"மறுபடியும் சின்னதா ஆரம்பிச்சிருக்கேன். ஒரு குரூப்பு சேந்திருக்கு. எல்லாம் ரிட்டயர்டு வாத்தியாருங்க. நம்மகூட முன்னாடி வந்தவங்க நாலஞ்சு பேர் அதுல இருக்காங்க. கொடி அக்கா வந்தாத்தான் வருவோம்னு அடம் பிடிக்கறாங்க. உங்க விசா இன்னும் செல்லும்ல?"

"செல்லும்."

"அப்பறம் என்ன. பத்து நாள்தான். திங்கக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடியே வைத்துவிட்டு அவள் ஜன்னல் பக்கம் போய் நின்றாள். கீழே வண்டி நிறுத்துகிற இடமும் ஒரு ஏசி மிஷினின் முதுகும்தான் தெரிந்தன. போக வேண்டும் என்று நினைத்தாள். ஆசை என்று சொல்லக்கூட அதில் தெம்பு இல்லை. உடம்பு அசந்து கிடக்கும்போது படுக்கை தேடுகிற மாதிரி ஒரு தேடல். பஸ்ஸின் முன் சீட்டில் மைக்கைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும். யாரும் இருமி எழுப்பாத ஓர் ஓட்டல் அறையில் ஒரு ராத்திரியாவது முழுசாகத் தூங்க வேண்டும். அந்தக் கோபுரத்தடியில் இந்தத் தடவை யார் கைப்பை போனாலும் போகட்டும் என்று ஒரே ஒரு நிமிஷம் திரும்பி நின்று பார்த்துவிட வேண்டும்.

போக முடியுமா என்பது வீட்டில் இருந்தது.

வீட்டில் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இருபது மாடிக் கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இடுப்புப் பட்டையை மாட்டிக்கொண்டு பாட்டுப் பாடியபடி தொங்குகிற மனிதருக்கு விமானம் என்றால் மட்டும் குலை நடுங்கும். "லிஃப்ட்டு ஒண்ணுக்கு நாலு கயிறு இருக்கு. உங்க பிளேனுக்கு எத்தனை கயிறு?" என்று கேட்பார். அவளுக்கு வேலை இருந்த காலத்தில் வருஷா வருஷம் கூப்பிட்டாள். வருஷா வருஷம் ஏதாவது ஒரு லிஃப்ட் சொல்லிவைத்த மாதிரி கெட்டுப்போனது. விமானத்தில் குளிருமே என்று அவருக்காக ஒரு பயணத்தில் பழுப்பு நிற ஸ்வெட்டர் ஒன்றுகூட வாங்கி வந்தாள். அதைப் பார்த்தாவது வருவார் என்று நினைப்பு. "ரிட்டயர் ஆகட்டும். கண்ண இறுக்க மூடிக்கிட்டு வந்துடறேன்" என்றார். ரிட்டயரும் ஆனார். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையாகப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சு கொஞ்சம் குழறியது. வலது பாதி உடம்பு எப்போதும் சில்லென்று இருப்பதாகச் சொல்லி, உச்சி வெயிலிலும் அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டே இருந்தார். ஒரே மகள் தூரத்தில் கைக்குழந்தையோடு மாட்டிக்கொண்டிருந்தாள். ராத்திரி இரண்டு தடவையாவது அவரை எழுப்பிக் கழிப்பறைக்குக் கூட்டிப்போக வேண்டும். காலையில் குளிப்பாட்டி, ஊட்டி, மாத்திரை கொடுத்துவிட்டு அவள் பஸ் பிடிக்க வேண்டும். பகலில் எதிர் வீட்டு அம்மாள் எட்டிப் பார்த்துக்கொள்வார்.

இதெல்லாம்கூடப் பழகிவிட்டது. பழகாத ஒன்று கொஞ்ச காலமாகப் புதிதாக முளைத்திருந்தது.

அன்று அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது பயிற்சி கொடுக்க வருகிற பிசியோ அம்மாள் அவருடைய வலது கையைத் தூக்கித் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தாள்.

"மேடம், சார் இன்னிக்கு பைசா கோபுரத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாரு. குரூப்புல ஒரு பெரியவர் காணாமப் போயி, சார்தான் தேடிக் கண்டுபிடிச்சாராமே."

"சலூன்ல உக்காந்து ஷேவ் பண்ணிட்டிருந்தாரு," என்றார் அவர் கட்டிலிலிருந்து. "இவ அழ ஆரம்பிச்சுட்டா. நான்தான் ஒவ்வொரு தெருவா போனேன்."

"ஈஃபிள் டவர் கதைய நேத்தே சொல்லிட்டாரு. உங்களுக்குக் குளிர் தாங்கலையாம், சார் தன்னோட ஸ்வெட்டரக் கழட்டிப் போட்டு விட்டாராமே. குடுத்து வெச்சவங்க மேடம் நீங்க."

அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். அந்தப் பெரியவரைத் தெருத்தெருவாகத் தேடியதும் அவள். சலூன் வாசலில் நின்று வாய்க்கு வந்தபடி கத்தியதும் அவள். அதையெல்லாம் ராத்திரி ஓட்டல் அறையிலிருந்து போனில் இவரிடம் கொட்டித் தீர்த்தாள். அந்த நாட்களில் தினமும் ஒரு போன் உண்டு. கோபுரம் எப்படி இருக்கு என்று அவர் கேட்டதே இல்லை. நீ சாப்பிட்டியா என்பார், பிறகு லிஃப்டைப் பற்றிக் கேட்பார். "அந்த டவர்ல லிஃப்ட்டு காலுக்குள்ள சாய்வா ஏறுதாமே, எப்படி இழுக்கறாங்கன்னு கேட்டுட்டு வா" என்று சொல்லி அனுப்புவார். அவளும் போய் லிஃப்ட் ஓட்டுகிறவனிடம் கேட்டுக்கொண்டு வருவாள். அவ்வளவுதான் இவருக்கும் வெளிநாட்டுக்கும் இருந்த சம்பந்தம். கொஞ்ச காலமாக அவர், "நாங்க போனப்ப" என்று ஆரம்பிக்கிறார். முதலில் திருத்திப் பார்த்தாள். டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார். "ஞாபகத்துல எங்கயாவது பள்ளம் விழுந்தா, பக்கத்துல கெடக்கற மண்ண அள்ளிப் போட்டு அதுவே மூடிக்கும். திருத்தாதீங்க, குழம்பிடுவாரு."

அவர் குழம்பக் கூடாதாம். அவள் எரிச்சலை என்ன செய்வதாம். கால் கொப்புளித்தது அவளுக்கு, நோகாமல் நுங்கு தின்பது அவர். அவளுக்கென்று இந்த உலகத்தில் மிச்சம் இருந்ததே அந்தப் பயணங்கள்தான். அதிலும் பாதிப் பங்குக்கு ஆள் வந்து உட்கார்ந்தால் வயிறு எரியாதா.

இருந்தாலும் அன்று அவள் வாயைக் கட்டிக்கொண்டு, அண்ணி என்று அவள் கூப்பிடுகிற அவருடைய அக்காவுக்குப் போன் போட்டாள்.

"போய்ட்டு வாடி," என்றாள் அண்ணி. "என் தம்பிதான, நான் இடுப்புல தூக்கி வளத்தவ. இப்ப இடுப்புதான் முன்ன மாதிரி இல்ல. பரவால்ல, சமாளிக்கறேன். நாளைக்கே வந்து ரெண்டு நாள் இருந்து பாக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே அண்ணி ஒரு பையோடும் தன் சொந்த மாத்திரைப் பெட்டியோடும் வந்து இறங்கினாள். அவரை எந்தப் பக்கம் நின்று தூக்க வேண்டும், பெல்ட்டை எங்கே பிடிக்க வேண்டும், எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னால் என்று அவள் சொல்லச் சொல்ல அண்ணி தலையை ஆட்டினாள். நடுவில் ஒரு மாத்திரையை மாற்றித் தானே விழுங்கப் போனாள். அது ஒன்றைத் தவிர எல்லாம் சரியாகவே போயிற்று. இவ்வளவு சுலபமாக வழி திறக்கும் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. முதலாளியிடம் இன்னும் சரி என்று சொல்லவில்லை, ஆனாலும் கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. ஸ்டூல் போட்டுப் பரணிலிருந்து பெட்டியை இறக்கினாள். திறந்ததும் பழைய ஓட்டல் சோப்பு வாசனை வந்தது. ஆரஞ்சுக் கொடி அடியில் சுருண்டு கிடந்தது. அதை விரித்து ஒரு தடவை உதறினாள்.

"எங்க கிளம்பறா?" என்றார் அவர்.

"உன் பொண்டாட்டி வெளிநாடு போறா தம்பி," என்றாள் அண்ணி, ஊரைக் கூட்டுகிற குரலில்.

அவர் முகம் மலர்ந்ததை இரண்டு பேரும் பார்த்தார்கள். இத்தனை மாசத்தில் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை. இடது கையை ஊன்றித் தானாகவே எழுந்து உட்கார்ந்தார். கட்டிலுக்கு அடியிலிருந்து ஷூவைக் காலால் துழாவி இழுத்தார். அண்ணி சமையலறைக்குப் போயிருந்தாள். அவள் துணி மடிக்க உள்ளே போய்த் திரும்பி வந்தபோது, பெட்டிக்குள் அவருடைய இரண்டு சட்டைகள், ஒற்றைக் காலுறை, லிஃப்ட் குழிக்குள் போகும்போது எடுத்துப் போகிற டார்ச் லைட் எல்லாம் கிடந்தன. அவள் எடுத்துக் கட்டிலில் வைத்தாள். அவர் திரும்பப் பெட்டியில் போட்டார். மறுபடியும் எடுத்து வைத்தாள். மறுபடியும் போட்டார்.

"நீங்க வரலைங்க."

"ஏன்? போன தடவ வந்தேனே."

அவள் பொறுமையாகத்தான் இருந்திருப்பாள். ஆனால் முந்தின ராத்திரியும் தூக்கமில்லை. அதற்கு முந்தின ராத்திரியும் இல்லை.

"நீங்க எந்தத் தடவையும் வந்ததில்ல. பிளேன்ல ஏறினதே இல்ல. உங்களுக்கு பாஸ்போர்ட்டே கெடையாது. போனது நான். நான் மட்டும்தான். ஒரு கூட்டத்தையே மேய்ச்சது நான், கால்ல கொப்புளம் வந்தது எனக்கு, காய்ச்சல்ல தனியாக் கெடந்தது நான். நீங்க இதே கட்டில்ல படுத்துக்கிட்டு போன்ல கத கேட்டீங்க. அவ்வளவுதான் நீங்க போன வெளிநாடு."

"ஏய், என்ன பேச்சு இது," என்று அண்ணி கரண்டியோடு ஓடி வந்தாள்.

அவர் கையில் டார்ச் லைட் இருந்தது. அதைப் பெட்டியில் போடுவதா வேண்டாமா என்று தெரியாத மாதிரி பிடித்துக்கொண்டிருந்தார்.

"நான் வரல?"

"வரல."

அவர் டார்ச்சை மடியில் இறக்கினார்.

"அப்ப டவர் கிட்ட உனக்கு ஸ்வெட்டர் குடுத்தது யாரு?"

"யாரும் குடுக்கல."

"அவ்ளோ குளிரு," என்றார். பிறகு டார்ச்சைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டார். அன்று பூராவும் அவர் வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டுக்கு மட்டும் திறந்தார்.

திங்கட்கிழமை கவுண்டரில் நல்ல கூட்டம். நாலு விரலையும் சேத்து வைங்க, அழுத்துங்க, எடுங்க. வாய் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது, மனசு அந்தக் கோபுரத்தடியில் நின்றுகொண்டிருந்தது.

பல வருஷத்துக்கு முன்னால் அங்கே ஒரு ராத்திரி, குழுவில் ஒரு பாட்டி மெல்லிசான சால்வையோடு வந்துவிட்டாள். ஆற்றுக் காற்று ஊசியாகக் குத்தியது. பாட்டியின் உதடு நீலம் பாய்ந்ததைப் பார்த்து அவள் தன் ஸ்வெட்டரைக் கழற்றிப் போட்டுவிட்டாள். மற்றவர்களை மேலே அனுப்பிவிட்டு, மேலே போக முடியாதவர்களோடு வெகுநேரம் கீழேயே நின்றாள். ஓட்டலுக்கு வந்து போன் பேசும்போது பல் தந்தியடித்தது.

"உன் ஸ்வெட்டர் எங்க?" என்றார் அவர்.

"ஒரு பாட்டிக்குக் குடுத்துட்டேன்."

"அப்ப உனக்கு?"

"விடுங்க. அதான் ரூமுக்கு வந்துட்டேன்ல."

அன்று அவர் லிஃப்டைப் பற்றிக் கேட்கவில்லை. மறுநாள் விடிவதற்குள் அவரே கூப்பிட்டார். அவராகக் கூப்பிட்டது அது ஒரு தடவைதான். "இப்பக் குளிருதா?" என்றார். பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது, இரண்டு பேர் இன்னும் வந்து சேரவில்லை. "இதக் கேக்கவா போன் பண்ணீங்க, வைங்க" என்று அவள் வைத்துவிட்டாள். வைத்ததோடு மறந்தும் போனாள்.

அவர் மறக்கவில்லை. இத்தனை வருஷம் கழித்து, நடக்கக்கூட முடியாத காலத்தில், அங்கே போய் ஸ்வெட்டரைக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

அவள் கை அப்படியே நின்றுவிட்டது. பெட்டியில் சிவப்பு விளக்கு எரிந்தது. "மேடம், எடுக்கலாமா?" என்று எதிரில் இருந்தவர் கேட்டார்.

"தொடச்சுட்டு மறுபடி வைங்க," என்றாள்.

கொலோசியத்தில் அவள் குதிகால் கொப்புளித்தது. அவர் கதையில், அவளுடைய பையை அவர்தான் சுமந்து வந்தார். பனிமலை ஓட்டலில் அவள் காய்ச்சலில் தனியாகக் கிடந்தாள். அவர் கதையில், வெந்நீர் வேண்டுமென்று சமையல்கட்டு வரை போய் நின்றவர் அவர். பைசாவில் அவள் தெருத்தெருவாக அலைந்தாள். அவர் கதையில், பெரியவரைத் தேடிப் போனவர் அவர். சொன்ன கதைகளையெல்லாம் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். எந்தக் கதையிலும் அவர் எந்தக் கோபுரத்தையும் பார்க்கவில்லை. பயணத்தில் பங்கு கேட்கிறார் என்று அவள் நினைத்தாள். அவள் பட்ட கஷ்டத்தில் மட்டும் பங்கு எடுத்துக்கொண்டிருக்கிறார். அவரிடம்தான் நீ வரவே இல்லை என்று அடித்துச் சொல்லியிருக்கிறாள்.

சாப்பாட்டு நேரத்தில் அவளே முதலாளிக்குப் போன் போட்டாள்.

"வேற ஆளப் பாருங்க சார்."

"ஏம்மா, என்னாச்சு?"

"வீட்ல சரிப்படாது."

"நாளைக்குக் காலைல வரைக்கும் நான் யார்கிட்டயும் பேசல. நல்லா யோசிங்க."

யோசிக்க என்ன இருக்கிறது. அவர் இல்லாமல் அவள் எங்கேயும் போனதில்லை என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். அதை உடைத்தாயிற்று. உடைத்துவிட்டு அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அவர் கண்ணெதிரே வாசல்படி தாண்ட முடியுமா. உலகத்தைச் சுற்றி வந்த கால்தான், இந்த ஒரு படியைத் தாண்டாது. பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் அவள் நின்றுகொண்டே வந்தாள். உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று தோன்றியது.

கதவைத் திறந்த அண்ணி குரலைத் தாழ்த்தினாள். அண்ணி குரல் தாழ்ந்து அவள் கேட்டதே இல்லை.

"காலைலேருந்து ஸ்வெட்டர் போட மாட்டேங்கறான். கழட்டி வெச்சுட்டான். கை ஐஸ் மாதிரி இருக்கு. நான் போட்டு விடப் போனா தள்ளி விடறான்."

உள்ளே அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். வெறும் சட்டையோடு அவரைப் பார்த்து எத்தனையோ நாள் ஆகிவிட்டது. தினமும் குளிப்பாட்டுகிறவள்தான், ஆனாலும் தோள் இவ்வளவு ஒடுங்கிப்போயிருப்பது இன்றுதான் கண்ணில் பட்டது. பெட்டி நேற்று வைத்த இடத்தில் திறந்தே கிடந்தது. அவருடைய சட்டைகளையும் காலுறையையும் காணவில்லை. அவளுடைய துணிகளுக்கு மேலே பழுப்பு ஸ்வெட்டர் இருந்தது. ஒற்றைக் கையால் மடித்த மடிப்பு. ஒரு கை உள்ளேயும் ஒரு கை வெளியேயும் தொங்கியது.

அவள் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அவருடைய வலது கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள் வைத்துத் தேய்த்தாள்.

"நான் போகலைங்க. முதலாளிகிட்ட சொல்லிட்டேன்."

அவர் தலையை ஆட்டினார். ஒத்துக்கொள்கிற ஆட்டம் இல்லை அது, லிஃப்டில் அளவுக்கு மேல் ஆள் ஏறினால் ஆட்டுகிற ஆட்டம்.

"நீ போ," என்றார். சொல் குழறியது. நிறுத்திவிட்டு மறுபடியும் சொன்னார். "நீ போய்ட்டு வா. இந்தத் தடவ நான் வரல. கால் சரியில்ல."

அவள் அவர் கையைத் தேய்ப்பதை நிறுத்தினாள்.

"அக்கா இருக்கா. அவ பாத்துப்பா," என்று இடது கையைப் பெட்டிப் பக்கம் நீட்டினார். "அத எடுத்துக்க. டவர் கிட்ட குளிரும்."

"சரி."

"போன தடவ மாதிரி எந்தப் பாட்டிக்கும் கழட்டிக் குடுத்துடாத."

அவள் எழுந்து போய் அந்த ஸ்வெட்டரை எடுத்தாள். அந்தப் புழுக்கத்திலேயே அதைப் போட்டுக்கொண்டாள். கை நீளமாக இருந்தது, விரல் நுனிதான் வெளியே தெரிந்தது. முழங்கைப் பக்கம் நைந்து, உள்ளே அவருடைய தைல வாசனை அடித்தது. அவர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "பெருசா இருக்கு, பரவால்ல" என்றார். அவள் போர்வையை எடுத்து அவர் தோளைச் சுற்றிப் போர்த்தினாள். பிறகு அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு முதலாளியின் நம்பரை அழுத்தினாள்.